40,000 ரூபாய்க்குள் விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் ஒரே புரொஜெக்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

மாடியறை (கேள்வி)

வணக்கம். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் 14 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள ஓர் அறை, பழைய பாடப்புத்தகங்களும் கால் உடைந்த நாற்காலிகளும் போட்டுவைக்கும் இடமாக இருந்துவருகிறது. அதை ஒழித்துவிட்டு, ஒரு புரொஜெக்டர் வைத்து 100 அங்குல அளவில் படம் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என்னிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. இரவில் நானும் தம்பியும் கால்பந்தும் சண்டை விளையாட்டும் ஆடுவோம். வார இறுதிகளில் குடும்பத்தோடு படம் பார்ப்போம். அப்பாவுக்கு மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்க்கும் வழக்கம் உண்டு.

என்னால் செலவிட முடிவது 40,000 ரூபாய். எவ்வளவு இழுத்தாலும் 45,000 ரூபாயைத் தாண்டாது. ஒரு வாரமாக இணையக் கடைகளைப் பார்த்துக் குழம்பிப்போயிருக்கிறேன். 12,000 ரூபாய்க் கருவி ஒன்று 18,000 லூமென் வெளிச்சம் என்றும் 4கே ஆதரவு என்றும் சொல்கிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் கருவியோ அதைப்போல ஐந்து மடங்கு விலையில் 3,500 லூமென் என்றுதான் போட்டிருக்கிறது. இந்த எண்களில் எதை நம்புவது, விளையாட்டுக்கென்று தனியாக எதைக் கவனிப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோவைப் பொருத்துநர்

பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் புரொஜெக்டர் பொருத்தித் தருவது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 18,000 லூமென் கணக்கை மறந்துவிடுங்கள். ஆன்சி லூமென் என்பது, திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழும் ஒளியை அளந்து, அவற்றின் சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்கிப் பெறும் அளவு. பெட்டியின் மீது வெறுமனே 'லூமென்' என்றோ 'எல்இடி லூமென்' என்றோ 'ஒளிமூல லூமென்' என்றோ இருந்தால், லென்ஸைத் தாண்டித் திரைக்கு வந்து சேரும் ஒளி எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. நான் பிரித்துப் பார்த்து அளந்த மலிவுக் கருவிகளில், ஐந்து இலக்க லூமென் போட்டிருந்த ஒன்று சுவரில் காட்டியது 300 ஆன்சி லூமென்கூட இல்லை.

ஆனால் 300 அல்லது 400 லூமென் என்பது கேவலமான அளவு என்றும் எண்ணிவிடாதீர்கள். 16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரை என்பது 221 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 124 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது, பரப்பு 2.75 சதுர மீட்டர். டிஜிட்டல் திரையரங்குகளில் வெள்ளைக் காட்சிக்கு வகுக்கப்பட்ட ஒளிர்வு 48 நிட். சாதாரண வெள்ளைத் திரையில் அந்த ஒளிர்வை எட்ட, உங்கள் 100 அங்குலத்துக்கு வேண்டியது ஏறத்தாழ 415 லூமென்தான். ஆக, அறை உண்மையிலேயே இருட்டாக இருந்தால், நிஜமான 450 ஆன்சி லூமென் கருவி திரையரங்கின் ஒளிர்வைத் தந்துவிடும்.

சிக்கல் 'உண்மையிலேயே இருட்டாக' என்பதில்தான் இருக்கிறது. 450 லூமெனை 2.75 சதுர மீட்டரில் பரப்பினால் சுவரில் விழுவது சுமார் 163 லக்ஸ் (அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை லூமென்). சாதாரணக் குழல்விளக்கு எரியும் அறையில், சுவரின் மீது அதன் வெளிச்சமே எளிதாக 100 லக்ஸ் இருக்கும். அப்போது படத்தின் மிக வெளிச்சமான பகுதிக்கு 263, மிகக் கறுப்பான பகுதிக்கு 100. இரண்டுக்கும் இடையே மூன்று மடங்கு வேறுபாடுகூட இல்லை. நாயகன் இருட்டில் நடந்து போகிறானா, பனிமூட்டத்தில் நடந்து போகிறானா என்றே தெரியாது. அதே அறையில் நல்ல பட முறையில் 2,000 லூமென் தரும் கருவியை வைத்தாலும் எட்டு மடங்கு வேறுபாடுதான் கிடைக்கும். புரொஜெக்டரால் கறுப்பை வீசியெறிய முடியாது என்பதால், அணைத்து வைத்திருக்கும்போது சுவர் எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறதோ அதுவே உங்கள் படத்தின் கறுப்பு.

ஆகவே கருவி வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கைப்பேசியில் லக்ஸ் அளவிடும் செயலி ஒன்றை இறக்கி, படம் விழப்போகும் சுவரில் கைப்பேசியின் முதுகைச் சாய்த்து, திரைப்பக்கம் அறையை நோக்கியிருக்கும்படி பிடித்து, மதியம், மாலை, இரவு என மூன்று வேளையும் அளந்து இங்கே எழுதுங்கள். துல்லியமாக இராது, ஆனாலும் முடிவெடுக்கப் போதும்.

'4கே ஆதரவு' என்றால் 4கே காணொளியை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். அதைச் சுருக்கி 1280×720 அல்லது 1920×1080 புள்ளிகளில்தான் காட்டும். 'நேட்டிவ்' (கருவி உண்மையில் காட்டும் புள்ளிகள்) என்ற சொல்லுக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அது 1920×1080க்குக் குறைந்தால் வேண்டாம்.

இன்னொன்று, பலரும் கருவியை வாங்கிக் கொண்டுவந்த பிறகே கவனிப்பது: மின்விசிறி. உங்கள் அறையின் நடுவில் விசிறி தொங்கும் என்று நினைக்கிறேன். கருவியைப் பின்சுவர் ஓரமாகக் கூரையில் தொங்கவிட்டால், ஒளிக்கற்றை விசிறி இறக்கைகளின் மட்டத்திலேயே கடந்துபோக வாய்ப்பு அதிகம். படம் முழுவதும் படபடவென்று அடித்துக்கொள்ளும். பொள்ளாச்சியில் ஒருவர் வீட்டில் துளை போட்டு எல்லாம் முடித்த பிறகு இது தெரியவந்து, விசிறியைக் கழற்றிச் சுவருக்கு மாற்றினோம். மே மாதம் வேறு. நீங்கள் தாழ்வான மேசையையோ, பின்சுவரில் தலைக்கு மேலான ஒரு தட்டையோ யோசியுங்கள்.

கட்டைவிரல்

மேலே எழுதியவர் ஒளியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் பொத்தானை அழுத்தும் நொடிக்கும் அதன் விளைவு திரையில் தெரியும் நொடிக்கும் இடையில் உள்ள தாமதம்தான், விளையாடுபவருக்குத் தெளிவுத்திறனைவிட முக்கியம். விநாடிக்கு 60 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்றால் ஒரு சட்டத்தின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. பென்கியூ டிஎச்585பி போன்ற விளையாட்டுக்கென்றே விற்கப்படும் கருவிகளுக்கு நிறுவனம் குறிப்பிடும் தாமதம் 16 மில்லி விநாடி. டிஎச்685பி 1080பி (1920×1080 புள்ளி) படத்தை விநாடிக்கு 120 சட்டங்களில் வாங்கும்போது 8.3 மில்லி விநாடி. இவை புதிதாக உங்கள் விலைக்குள் வராது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொன்னேன். மலிவான எல்இடி கருவிகளில் பல, உள்ளே ஆண்ட்ராய்டு மென்பொருள் படத்தை வாங்கித் திருத்தி அனுப்புவதால், இதைப்போல மூன்று நான்கு மடங்கு தாமதிக்கின்றன. கிரிக்கெட் விளையாட்டில் பந்து மட்டையைத் தாண்டிப் போன பிறகுதான் உங்கள் மட்டை சுழலும். 50 மில்லி விநாடியை நெருங்கினால் சண்டை விளையாட்டில் தடுப்பாட்டம் என்பதே இல்லாமல் போகும்.

விற்பவர்கள் இந்த எண்ணைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆனால் நீங்களே அளக்கலாம். மடிக்கணினியின் திரையையும் புரொஜெக்டரையும் ஒரே படம் காட்டும்படி இணைத்து, மில்லி விநாடி காட்டும் நிறுத்துகடிகாரம் ஒன்றை ஓடவிட்டு, இரண்டு திரைகளும் தெரியும்படி கைப்பேசியில் பத்துப் பதினைந்து புகைப்படங்கள் எடுங்கள். இரண்டு திரைகளிலும் உள்ள எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் சராசரி, மடிக்கணினித் திரையைவிட புரொஜெக்டர் எவ்வளவு பிந்துகிறது என்பதைச் சொல்லும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

அளப்பதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு இருந்தால் போடுங்கள். படத்தை மென்மையாக்கும் வசதிகள் அனைத்தையும் அணையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கீஸ்டோன் திருத்தத்தைத் தொடாதீர்கள். கோணலாக விழும் படத்தை மென்பொருளால் நேராக்கும் அந்த வசதி, பல கருவிகளில் தாமதத்தைக் கூட்டுவதோடு, காசு கொடுத்து வாங்கிய புள்ளிகளில் ஒரு பகுதியைக் கறுப்பு ஓரங்களாக வீணாக்கிவிடும். கருவியைச் சுவருக்கு நேராக வைத்தால் அது தேவையே படாது.

பிளேஸ்டேஷன் அமைப்பில் எச்டிஆரை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வேறுபாடு காட்டும் பட முறை) அணைத்துவிடுங்கள். இந்த விலைக் கருவிகள் எச்டிஆர் சமிக்ஞையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு வேண்டிய ஒளி அவற்றிடம் இல்லாததால் படம் மங்கிப்போகும். ஒலிக்கு ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். பந்து வலைக்குள் விழுந்து நீங்கள் மூச்சுவிட்ட பிறகுதான் கூட்டத்தின் ஆரவாரம் கேட்கும். 3.5 மில்லிமீட்டர் கம்பியே போதும்.

பின்வரிசை

இருவரும் சொன்னவற்றோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மலிவு எல்இடி கருவியை நோக்கியே பேச்சு போவதால், அதில் கை சுட்டுக்கொண்டவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. நான் மதுரையில், அதிகம் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கினேன். முதல் மூன்று மாதங்கள் படம் அருமையாக இருந்தது. பிறகு இருண்ட காட்சிகளில் மட்டும் அங்கங்கே நீர்த்துளி காய்ந்தது போன்ற வெளிறிய திட்டுகள் தோன்றத் தொடங்கின. காரணம் தூசி. இந்தக் கருவிகளில் ஒரே ஒரு எல்சிடி தகடு இருக்கும். அதைக் குளிர்விக்கும் காற்று அதன் மேலேயே ஓடும்படி அமைத்திருந்தால், நம் ஊர்த் தூசி முழுவதும் அந்தத் தகட்டின் மீதுதான் குடியேறும். திரையில் அது பல மடங்கு பெரிதாகித் தெரியும். எனவே ஒளிப்பாதை முற்றிலும் மூடப்பட்ட அமைப்பா என்று கேட்டு வாங்குங்கள். எல்இடி 20,000 மணி நேரம் எரியும் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 18 ஆண்டுகள். விளக்கு அவ்வளவு காலம் இருக்கலாம். அதைச் சுற்றியிருக்கும் மற்றவை இருக்குமா என்பதுதான் கேள்வி.

என் யோசனை, பயன்படுத்திய நல்ல கருவி ஒன்றைத் தேடுங்கள் என்பது. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் பழைய பொருள் சந்தைகளிலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட புரொஜெக்டர்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 1024×768 புள்ளிகள் கொண்ட, சதுரத்துக்கு நெருக்கமான படம் தருபவை; அவை உங்களுக்கு உதவாது. முழு 1080பி கருவி கிடைத்தால், மெனுவில் விளக்கு ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள். சாதாரண முறையில் 4,000 அல்லது 5,000 மணி நேரம் ஓடக்கூடிய பாதரச விளக்குகள் அவை. புதிய விளக்கின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். மின்வெட்டு வந்தால் விளக்கைக் குளிர்விக்கும் விசிறியும் உடனே நின்றுவிடுவது விளக்குக்கு நல்லதல்ல என்பதால், ஒரு யுபிஎஸ்ஸும் தேவைப்படும்.

டிஎல்பி (நுண்ணிய கண்ணாடிகளால் படம் காட்டும்) கருவியாக இருந்தால் வீட்டார் அனைவரையும் ஒருமுறை பார்க்க வையுங்கள். வண்ணச் சக்கரம் ஒன்று சுழன்று சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதை மூளை சேர்த்துக்கொள்கிறது. ஆனால் சிலருக்குக் கண்ணை விரைவாகத் திருப்பும்போது வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் சிதறல் தெரியும். எனக்குத் தெரியாது; என் மனைவிக்குத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் தலைவலி என்று எழுந்து போய்விட்டார். மூன்று எல்சிடி தகடுகள் கொண்ட எப்சன் வகைக் கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது விலைகளை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டர்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விமர்சனங்களில் உள்ள விலையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாடியறை

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி சுவரை அளந்தேன். மதியம் இரண்டு மணிக்குச் சன்னல்களைச் சாத்தி, இப்போதுள்ள மெல்லிய திரைச்சீலையையும் இழுத்துவிட்டால் 60 லக்ஸ். இரவில் குழல்விளக்கு எரியும்போது 130. இரவில் விளக்கை அணைத்தால் செயலி 1 என்றும் 0 என்றும் மாறி மாறிக் காட்டுகிறது. சன்னலில் தடித்த போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மதியத்திலும் 3 லக்ஸாக இறங்கிவிட்டது. விசிறி நீங்கள் நினைத்தபடி அறையின் நடுவில்தான் இருக்கிறது.

இப்போது என் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒளிப்பாதை மூடப்பட்ட, 450 ஆன்சி லூமென் என்று எழுதியிருக்கும் புதிய 1080பி எல்இடி கருவி, 22,000 ரூபாய். மற்றொன்று, தஞ்சாவூரில் ஒருவரிடம் உள்ள 3,500 லூமென் டிஎல்பி கருவி. விளக்கு 2,600 மணி நேரம் ஓடியிருக்கிறது, 38,000 ரூபாய் கேட்கிறார். அப்பாவின் மதியப் படத்தை நினைத்தால் இரண்டாவதுதான் சரி என்று தோன்றுகிறது. சரிதானா?

கோவைப் பொருத்துநர்

அந்தப் போர்வைதான் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. 60 லக்ஸில் 450 லூமென் கருவிக்குக் கிடைப்பது நான்கு மடங்குக்கும் குறைவான வேறுபாடு. 3 லக்ஸில் அதுவே 55 மடங்கு ஆகிறது. தஞ்சாவூர்க் கருவி 3,500 என்று சொல்வது அதன் மிகப் பிரகாசமான, பச்சை படர்ந்த முறையில். நிறம் ஒழுங்காக இருக்கும் சினிமா முறையில் பாதியை எதிர்பார்க்கலாம், 2,600 மணி நேரம் ஓடிய விளக்கில் அதிலும் குறையும். 1,300 லூமென் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மெல்லிய திரைச்சீலையோடு மதியத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்பது மடங்கு. அதாவது கூடுதலாகக் கொடுக்கும் 16,000 ரூபாயால் முடியாததை ஒரு தடித்த திரைச்சீலை செய்துவிடுகிறது. விளக்கு செத்துவிட்டால் வரும் செலவு தனி.

தாமதம் ஒன்றில்தான் தஞ்சாவூர்க் கருவி மேலாக இருக்கக்கூடும். ஆகவே புதியதை, திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்கி, கட்டைவிரல் சொன்ன நிறுத்துகடிகாரச் சோதனையை அன்றைக்கே செய்யுங்கள். தேறாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறுங்கள். தேறினால், மீதிப் பணத்தில் வெளிச்சம் புகாத திரைச்சீலை, சுமாரான ஒலிபெருக்கி, சாதாரண மேட் (பளபளப்பற்ற) வெள்ளைத் திரை ஆகியவற்றை வாங்குங்கள். படம் விழும் சுவரை ஒட்டியுள்ள பக்கச் சுவர்களுக்கும் கூரையின் முன்பகுதிக்கும் அடர்ந்த சாம்பல் வண்ணம் அடித்தால், திரையிலிருந்து தெறிக்கும் ஒளி மீண்டும் திரைக்கே வந்து படத்தை வெளுக்கச் செய்வது குறையும்.

பின்வரிசை

கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அப்பாவின் பழைய படங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் 4:3க்கு நெருக்கமான விகிதத்தில் இருப்பதால், 221 சென்டிமீட்டர் அகலத்தில் நடுவிலுள்ள 166 சென்டிமீட்டரை மட்டுமே பயன்படுத்தும். இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் நிற்கும். அதை நிரப்புகிறேன் என்று இழுத்து நீட்டிவிடாதீர்கள், நாயகிகள் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். கருவிக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை உரிமச் சான்று இல்லாமல் 480பி தரத்திலேயே நின்றுவிடக்கூடும். பிளேஸ்டேஷனிலேயே பாருங்கள், அல்லது ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகிக்கொள்ளுங்கள்.

மாடியறை

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். புதிய எல்இடி கருவியையே வாங்கினேன். நிறுத்துகடிகாரச் சோதனையில் முதலில் 71 மில்லி விநாடி வந்து வயிற்றைக் கலக்கியது; தானியங்கி கீஸ்டோன் இயக்கத்தில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதை அணைத்துக் கேம் மோடு போட்டதும் சராசரி 31 ஆனது. கால்பந்துக்குக் குறையே இல்லை. சண்டை விளையாட்டில் மட்டும் தம்பி தோற்கும்போதெல்லாம் அந்த 31ஐக் காரணம் காட்டுகிறான்.

கருவியை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தாழ்வான மேசையில் வைத்திருக்கிறோம். விசிறி குறுக்கே வரவில்லை. திரை இன்னும் வாங்கவில்லை, சுவரில்தான் பார்க்கிறோம். சுவரில் ஒரு பல்லி இருக்கிறது. நேற்று அப்பா பார்த்துக்கொண்டிருந்த படத்தில், நாயகன் கடிதம் எழுதும் காட்சி முழுக்க நாயகனின் நெற்றியிலேயே உட்கார்ந்திருந்தது. மேட் வெள்ளைத் திரையில் சுருட்டி வைக்கும் வகை நல்லதா, சட்டத்தில் இழுத்துக் கட்டும் வகை நல்லதா?

கோவைப் பொருத்துநர்

இடம் நிரந்தரம் என்றால் சட்டத்தில் இழுத்துக் கட்டியதுதான். மலிவான சுருள்திரைகளில் ஓரங்கள் நாளடைவில் உட்புறம் வளைந்து, நேர்கோடுகள் அலையலையாகத் தெரியும். தச்சரிடம் 221க்கு 124 சென்டிமீட்டர் உள்ளளவில் ஒரு மரச்சட்டம் செய்யச் சொல்லி, திரைத்துணியை மீட்டர் கணக்கில் வாங்கி அடித்துக்கொண்டால் செலவு பாதியாகும். சுற்றிலும் மூன்று அங்குலம் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டிவிடுங்கள். பல்லிக்கு என்னிடம் வழியில்லை.